ஊரவர் எழுதிய குடிகாரன்

எங்கள் நாடகத்துக்குத் தலைவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் தபால் கந்தோர் கிளாக்கர். போட்டதோடு நிற்காமல், நாங்கள் அந்த உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோமா என்று நாள்தோறும் மேற்பார்வையும் பார்த்தார். "அப்ப நீங்கள் ஆர், தலைவரில்லையோ?" என்று நான் கேட்டால், "ரீச்சர், உங்களுக்கு விசயம் இன்னும் பிடிபடேல்லை" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பதில் வராத நேரங்களில் அவருடைய கண்ணாடி எப்படியோ அழுக்காகிவிடும்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் நயினாதீவிலிருந்து லோஞ்சு என்கிற இயந்திரப் படகில் புங்குடுதீவுக்குப் போய்ப் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவேன். கிளாக்கருக்கும் வேலை அங்கேதான். கொழும்பில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர், வரும்போது ஒரு நல்ல குடையும் ஒரு தடித்த புத்தகமும் கொண்டு வந்தார். குடையை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். புத்தகத்தில் இருந்ததைக் கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். அரசாங்கம், அதிகாரி, தலைமைக் கதிரை ஒன்றும் மனிதருக்குத் தேவையில்லையாம். நாலு பேர் தாங்களாகக் கூடி, ஒருவரை ஒருவர் அதட்டாமல், எதையும் செய்யலாமாம். அதற்குப் பெயர் அராஜகம் என்றார்.

"அப்ப சந்தையில நாங்கள் செய்யிறதும் அதுதானே?" என்றார் பனங்கட்டி அக்கா. அவர் பனங்கட்டியும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் நிறைந்த ஓலைக் கடகத்தோடு எங்கள் லோஞ்சில் வருகிறவர். வாய் என்றால் வாய். கிளாக்கர் அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அக்காவுக்கு அந்தப் பாதியே காணும் போலிருந்தது, கடகத்தில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

நாடகம் தொடங்கியது ஒரு பின்னேரம், நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனபோது. ஓட்டி எண்ணெய்க் கையோடு உள்ளே குனிந்துகொண்டார். நாங்கள் அலையில் ஆடிக்கொண்டு இருந்தோம். அன்று காலையில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு துரை தீவுக்கு வந்து, "இந்த ஊருக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாராம். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டிவிட்டார்களாம். கிளாக்கர் எழும்பி நின்று அந்தத் துரை போல நடித்துக் காட்டினார். "ஆரப்பா இந்த ஊருக்குப் பொறுப்பு?"

அப்போது மூலையில் இருந்து ஒரு குடிகாரக் குரல் வந்தது.

"நான்தான் துரை பொறுப்பு. ஊருக்கும் நான்தான், கடலுக்கும் நான்தான். காலமை அதைத் திறந்து விட்டதே நான்தான்."

லோஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பேசியவர் சின்ன ஐயர். எங்கள் குறிச்சிப் பிள்ளையார் கோயில் பெரிய ஐயரின் மகன். புங்குடுதீவில் ஒரு சிறிய கோயிலில் பூசை செய்துவிட்டு எங்களோடு திரும்புகிறவர். காற்று வாக்காக, கடகங்களுக்குத் தள்ளி, வெள்ளை வேட்டியோடு பேசாமல் இருக்கிற மனிதர். "மழை வரும் போல" என்பதற்கு மேலே அவர் பேசி நான் கேட்டதில்லை. அவரா இது! பிறகு எல்லோரும் சிரித்தோம். பனங்கட்டி அக்கா கடகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்த ஓட்டியும் உள்ளேயே சிரித்தார். சின்ன ஐயரின் காது இரண்டும் செம்பருத்திப் பூவாகிவிட்டன.

அடுத்த நாள் இறங்குதுறையில் அவர் எனக்குப் பக்கத்தில் வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரீச்சர், எனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலையிருந்து நான் வாயைத் திறந்தால் சனம் கண்ணை மூடிக் கும்பிடும். நேற்றுத்தான் முதல்முதல் சிரிச்சவை."

பகிடி விடுவதுதான் என் தொழில் என்று ஊரில் பெயர். அன்று நானும் அவரோடு கடலைத்தான் பார்த்தேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சால் கோயில் போச்சு" என்றும் சொன்னார். "வாற திருவிழாவோடை பூசையை என்னட்டைத் தாறதெண்டு இருக்கிறார். கூத்தாடுறவன் கையால பிள்ளையாருக்குத் தண்ணி வார்க்க விடுவாரே? ஆனால் ரீச்சர், எனக்கு அந்தக் குடிகாரனை விட மனமில்லை."

இதைக் கேட்ட கிளாக்கர் துள்ளிக் குதித்தார். "பேரே வேண்டாம்! ஒருதற்றை பேரும் வேண்டாம்! அதுதான் எங்கடை கொள்கை." ஐயரைக் காப்பாற்றுவதா, கொள்கையைக் காப்பாற்றுவதா, எது முதலில் வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டும் ஒரே பாதையில் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்படித்தான் லோஞ்சில் நாடகம் வளர்ந்தது. கடதாசியில் எழுதவில்லை, காற்று ஒரு பக்கம், தெறிக்கிற தண்ணீர் மறு பக்கம், எதை எழுதுவது? ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒருவர் சொன்ன வசனத்தை அவர் வைத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர் பாடமாக்கி வைத்திருக்க வேண்டும். என் வசனம் கிளாக்கரிடம், கிளாக்கருடையது என்னிடம், சின்ன ஐயரின் குடிகார வசனமெல்லாம் பனங்கட்டி அக்காவிடம். அவர் அதைச் சந்தையில் வாய்க்கு வந்தபடி சொல்லிப் பார்த்து, சனம் எங்கே சிரித்தது என்று பின்னேரம் வந்து அறிவிப்பார். கொஞ்ச நாளில் எந்த வசனம் யாருடையது என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. யாராவது ஒருவர் லோஞ்சைத் தவறவிட்டால் அன்று இன்னொருவருடைய வசனம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விதி இதைவிட மோசம். யாருடைய வசனத்தையும் யாரும் வெட்டக் கூடாது. பிடிக்காவிட்டால் மேலே எதையாவது கூட்டலாம்.

இதைக் கொண்டு வந்தவரும் கிளாக்கர்தான், அனுபவித்தவரும் அவர்தான். துரை பாத்திரத்துக்கு அவர் ஒரு சொற்பொழிவு சேர்த்தார். ஐயோ, அது முடியாது. லோஞ்சு கரை தட்டியும் துரை பேசிக்கொண்டிருந்தார். வெட்ட எனக்கு உரிமை இல்லை. ஆகவே சொற்பொழிவின் நடுவில் ஓர் ஆட்டைக் கொண்டு வந்து கத்த விட்டேன். கிளாக்கர் மறுநாள் அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு போக ஒரு ஆளைச் சேர்த்தார். நான் ஆட்டுக்கு ஒரு குட்டி சேர்த்தேன். பனங்கட்டி அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துரை அந்த ஆட்டுக்கு விலை பேசுகிறதாக ஒரு கட்டம் கூட்டினார். இன்றைக்கும் சொல்கிறேன், நாடகத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சொற்பொழிவை நான் வெட்டியிருந்தால் ஆடும் இல்லை, விலையும் இல்லை. கிளாக்கரிடம் இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

கதை இவ்வளவுதான்: துரை வருகிறார், ஊருக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள், கடைசியில் தெருவில் கிடக்கிற குடிகாரனிடம் அனுப்பிவிடுகிறார்கள். குடிகாரன் ஒரு பனையோலைப் பிளா நிறையக் கள்ளைக் குடித்துவிட்டுத் துரைக்கு ஊரின் சங்கதி முழுவதையும் சொல்கிறான்.

மேடை வேண்டும் என்று வாசிகசாலைத் தலைவரிடம் போனோம். அவர் இளைப்பாறிய தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாரே தவிரப் பிரம்பை மனதில் விட்டு வரவில்லை.

"ஆரின்ரை நாடகம் இது?"

"எல்லாரின்ரையும்" என்றார் கிளாக்கர்.

"ஆர் பழக்கினது?"

"எல்லாரும்."

"ஏதும் பிழையெண்டால் நான் ஆரை ஏசுறது?"

"எல்லாரையும் ஏசுங்கோ."

"அவ்வளவு நேரம் எனக்கில்லைத் தம்பி."

நான் இடையில் புகுந்து கெஞ்சி, அவருடைய பழைய மாணவி என்ற உரிமையையும் எடுத்துவிட்டு, ஒருவாறு சம்மதிக்க வைத்தேன். நோட்டீசில் பெயர் இல்லாமல் வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் கதை, வசனம், நடிப்பு, நெறியாள்கை எல்லாவற்றுக்கும் நேரே "ஊரவர்" என்று அச்சடிக்கச் செய்தார். அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், தலைவர் என்று தன் பெயரையும் போட்டார்.

நோட்டீசைப் பார்த்துச் சின்ன ஐயர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி நாடகத்தன்று பொழுது படும்வரைதான் இருந்தது.

வாசிகசாலை முற்றத்தில் மேடை. பெற்றோல்மாக்ஸ் விளக்கு இரண்டு. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், முன்னுக்குக் குழந்தைகள். எனக்குத் திரை இழுக்கிற வேலை. உள்ளே சின்ன ஐயர் கட்டம் போட்ட சாரம் உடுத்து, பூணூல் தெரியாமல் பெனியன் போட்டு, குடுமியை மறைத்துத் துவாயால் தலைப்பாக் கட்டி, கரியால் தாடி பூசிக்கொண்டு நின்றார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்போது வெளியே தலைவர் பேச எழும்பினார். மங்கள விளக்கேற்ற எங்கள் குறிச்சிப் பெரிய ஐயர் அவர்களை அழைக்கிறேன் என்றார்.

தலைவர் எங்களிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் எங்கள் சங்கதியை அவரிடம் சொல்லவில்லைத்தான். பெரிய ஐயர் வந்து விளக்கேற்றினார். ஏற்றிவிட்டுப் போய்விடுவார், நாடகம் பார்க்கிற ஆளில்லை என்று மனதைத் தேற்றினேன். தலைவர் ஒரு கதிரையைக் கொண்டு வந்து, வெள்ளைத் துணி விரித்து, முன்வரிசையில் போட்டார். பெரிய ஐயர் சால்வையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அதில் இருந்துவிட்டார்.

"ரீச்சர், என்னால ஏலாது" என்றார் சின்ன ஐயர். கரித் தாடிக்கு மேலே வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

நான் கிளாக்கரைப் பார்த்தேன். துரையின் கோட்டோடு நின்ற அவர், "அவரின்ரை விருப்பம். ஆரும் ஆரையும் கட்டாயப்படுத்த ஏலாது" என்றார். அவர் வாயிலிருந்து உத்தரவு வராத ஒரே நாள் அது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியை நானே கழற்றி எறிந்திருப்பேன்.

நாடகம் தொடங்கிவிட்டது. ஆடு கத்தியது, குழந்தைகள் சிரித்தன. குடிகாரன் வரவேண்டிய இடம் கிட்டிவிட்டது. அவருடைய வசனம் தெரிந்த பனங்கட்டி அக்காவோ வெளியே பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கமிருந்த தன் புருசனைக் கண்காணித்துக்கொண்டு இருந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் கையைப் பிசைய, மேடையில் துரை கேட்டார்: "ஆரப்பா இந்த ஊருக்குப் பொறுப்பு?"

முற்றம் பேச்சில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. சின்ன ஐயர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். "சனம் பாத்துக்கொண்டிருக்குது ரீச்சர்" என்றார். என் பதிலுக்கு நிற்காமல் தள்ளாடிக்கொண்டு போய்விட்டார்.

"நான்தான் துரை பொறுப்பு..."

கடலைத் திறந்துவிட்டேன் என்றதும் எழுந்த சிரிப்பு இருக்கிறதே! அந்த மனிதருக்கு அதோடு பயம் போய்விட்டது. துரையின் தொப்பியை வாங்கி ஆட்டுக்குப் போட்டார். துரைக்கே புத்தி சொன்னார். திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கயிறு கையில் இருப்பதே மறந்துபோனது.

பிறகு பிளா வந்தது. பனையோலையைக் கோலி மடித்த பிளா. உள்ளே கஞ்சித் தண்ணீர். குடிகாரன் அதை மரக்குற்றியில் வைத்துவிட்டு முன்னால் குந்தினார். எடுத்துக் குடிக்க வேண்டியதுதானே? இல்லை. அவருடைய வலது கை தானாகப் போய் விரலை நனைத்து, பிளாவைச் சுற்றித் தண்ணீர் விட்டது. இடது கை தானாக உயர்ந்து, இல்லாத மணி ஒன்றைக் கிணுகிணு என்று ஆட்டியது.

என் கடவுளே!

சிரிப்பு அறுந்தது. அந்தக் கையை அந்த ஊரில் அறியாதவர் யார்? பிறந்த நாளிலிருந்து பிள்ளையாருக்குப் படையல் காட்டும்போது எல்லோரும் பார்த்துக் கும்பிட்ட அதே சுற்று, அதே மணியாட்டல். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கை. முன்னுக்கிருந்த குழந்தைகள்கூட வாயைப் பிளந்தன. பெரிய ஐயர் சால்வைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன ஐயருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இடது கையை அந்தரத்தில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். போச்சு, கோயில் போச்சு என்று நான் திரைக் கயிற்றை இழுக்கப் போனேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து பனங்கட்டி அக்காவின் குரல் வந்தது.

"எங்கடை மனிசனும் இப்பிடித்தான்! வைரவருக்குக் காட்டாமல் ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டார்!"

எல்லோரும் அவருடைய புருசனைத் திரும்பிப் பார்த்தார்கள். தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். சோடாவுக்கு மேலே எதையும் தொட்டறியாத பாவம். கள்ளுத் தவறணை இருக்கிற ஒழுங்கையாலேயே போக மாட்டார். அவர் பெண்சாதியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார்.

"ஓம்" என்றார். "அது பழக்கம்."

"நாங்களும் அப்பிடித்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மணி ஆட்டாமல் ஆர் குடிக்கிறது?" என்று இன்னொன்று. "சரியாய்ச் செய்யிறாய், குடி ராசா!" என்று வேலிப் பக்கத்திலிருந்து வேறொன்று. முற்றம் முழுவதும் இடது கையை உயர்த்தி ஆட்டியது. குழந்தைகளும் ஆட்டின. சின்ன ஐயர் பிளாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கைதட்டல் முடிய வெகுநேரம் எடுத்தது. எங்கள் இரண்டாவது விதியை யாரும் ஊருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒருவரும் எதையும் வெட்டவில்லை, ஆளுக்கொன்றைக் கூட்டினார்கள். திரைக்குள் நின்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு சில காலம் தவறணையில் மணி ஆட்டாமல் குடித்தால் பக்கத்தில் இருப்பவர் முறைத்துப் பார்த்தாராம். அந்தக் குடிகாரன் யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. வெளியூரார் கேட்டால் நோட்டீசில் இருந்த பதில்தான்: ஊரவர். தேத்தண்ணிக்கடைக்காரர் மட்டும் பெண்சாதியிடம், "உனக்கு வேறை ஆளின்ரை பேர் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாராம். "என்னட்டை இருந்தது நீங்கள் ஒராள்தானே" என்றாராம் அக்கா. கிளாக்கர், தன் புத்தகத்தில் சொன்னது இதைத்தான் என்று லோஞ்சில் எங்களுக்கு விளக்க முயன்றார். இயந்திரம் சத்தம் போட்டது.

சின்ன ஐயர்தான் பேச்சில்லாமல் போய்விட்டார். வீட்டில் தகப்பன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லையாம், ஏசவுமில்லை, கேட்கவுமில்லை. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பூசை கைமாறுமா என்ற கதையும் இல்லை. அவர் மூலையில் குறுகி இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். பெரிய ஐயர் விபூதி தந்தார். வாங்கிக்கொண்டு திரும்பியபோது கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தக் குடிகாரப் பெடியனை நீர் காணுவீர்தானே?"

"காணுவன் ஐயா."

"அவனுக்கு ஒண்டு சொல்லும். தண்ணி சுத்தேக்கை மணி ஆட்டுறேல்லை. சுத்தி முடிச்சு, சாமிக்குக் காட்டேக்கைதான் மணி. அடுத்த முறை மேடையில ஏறேக்கை சரியாய்ச் செய்யச் சொல்லும். திருவிழாவிலையும் அப்பிடித்தான் செய்யவேணும் எண்டும் சொல்லும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் விபூதியைப் பூசவும் மறந்து வாசலில் நின்றேன்.

பின்னேரம் லோஞ்சில், சின்ன ஐயருக்குப் பக்கத்தில் போய் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். திருவிழாவைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் திரைக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்தானே. அவர் சிரிச்சவரோ?"

சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தக் கிழவரை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்ததை அன்று நான் இருமல் என்று எண்ணியிருந்தேன்.

"ஓம்" என்றேன். "சிரிச்சவர். கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சவர்."

சின்ன ஐயர் சால்வைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. இந்த முறை நான் அதை இருமல் என்று எண்ணவில்லை.